மஞ்சள் கல்லை ஒட்டி

காலை ஆறே கால் மணிக்கு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "செருப்புல வந்தீங்களா, ஷூவுலயா?" என்பதுதான். ஷூ என்றேன். "கழட்டி வண்டியில வெச்சிருங்க சார். ஐப்பசி வரப்பு, ஷூவுக்கு நிக்காது."

குத்தாலத்துக்குத் தெற்கே, தார்ச்சாலையை விட்டு ஒரு வாய்க்கால் பிரியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். இரவெல்லாம் மழை. சம்பா நட்டு இருபது நாள் இருக்கும். தண்ணீருக்கு மேலே நாற்று நான்கு விரல் உயரம் நின்றது. அவர் கையில் ஒரு மூங்கில் கழி, மார்பில் ஆரஞ்சு நிற மேல்சட்டை, சட்டைப் பையில் ஜி.பி.எஸ். கருவி. லைன் வாக்கர் என்பது அவருடைய வேலையின் பெயர். ஊரில் அவரைப் 'பைப்புக்காரர்' என்கிறார்கள். பதினான்கு வருடமாகத் தினமும் எட்டு கிலோமீட்டர் இந்த வழியில் நடக்கிறார். அதற்கு முன்பு இதே வயல்களில் நாற்றுக்கட்டு சுமந்தவர்.

அவர் நடக்கும் பாதைக்கு அடியில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் 12 அங்குல எஃகுக் குழாய் போகிறது. அதற்குள் இயற்கை எரிவாயு. காவிரிப் படுகையில் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படும் இந்த வாயுவை நம்பித்தான் குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் மின் நிலையங்கள் கட்டப்பட்டன. அன்று காலை குழாயில் அழுத்தம் 38 கிலோ. களத்தில் எல்லோரும் 'கிலோ' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ என்று பொருள். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல 17 மடங்கு. உடன் வர அனுமதி கொடுத்த நிறுவனம், தன் பெயரையும் ஊழியர்கள் பெயரையும் எழுதக் கூடாது என்று நிபந்தனை போட்டது. ஒப்புக்கொண்டேன். பெயர் இல்லாததால் சில விஷயங்களைத் தயக்கமில்லாமல் சொல்லவும் முடிகிறது.

அரை கிலோமீட்டர் நடப்பதற்குள் முதல் மஞ்சள் கல் வந்தது. முழங்கால் உயரக் கான்கிரீட் கல், மஞ்சள் பூச்சு, அதில் கருப்பு எழுத்து. 'எரிவாயுக் குழாய். தோண்டாதீர்' என்ற அளவுக்குப் படிக்க முடிந்தது. கீழே தொலைபேசி எண் இருந்த இடத்தில் பாசி. கழியின் நுனியால் சுரண்டினார். மூன்று இலக்கங்கள் தெரிந்தன; மற்றவை பூச்சோடு உதிர்ந்துவிட்டன.

"சொல்லியிருக்கேன் சார். பெயிண்ட் வரும்."

"எப்போ சொன்னீங்க?"

"சித்திரையில."

அதற்குப் பிறகு வந்த கற்களை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

இவர் வேலை என்ன, சும்மா நடப்பதா என்று எனக்கும் முதலில் தோன்றியது. இரண்டாவது வரப்பில் பதில் கிடைத்தது. சட்டென்று நின்றார். வயல் தண்ணீரில் ஓரிடத்தில் குமிழி வந்துகொண்டிருந்தது. கழியை வரப்பில் ஊன்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு, பிறகு ஒன்றுமில்லை. கழியால் பக்கத்துச் சேற்றைக் குத்தினார்; அங்கேயும் நான்கைந்து குமிழி வந்து நின்றது.

"இது வயக்காட்டு வாயு. நீங்க மிதிச்சாலும் வரும். லைன் கசிஞ்சா நிக்காது. ஒரே இடத்துல, உலை கொதிக்கிற மாதிரி வந்துக்கிட்டே இருக்கும்."

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சேற்றுக்கடியில் வைக்கோல் அழுகி வெளிவருவதும் மீத்தேன்தான், குழாயில் போவதில் பெரும்பங்கும் மீத்தேன்தான். மோப்பக் கருவிக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் மாதிரி பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். பூமிக்கு ஆழத்திலிருந்து வந்த வாயுவில் ஈத்தேன் கலந்திருக்கும், வயல் வாயுவில் அது இருக்காது. ஆய்வகம் அதை வைத்துச் சொல்வதை இவர் குந்தி உட்கார்ந்து பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுகிறார். வெயில் காலத்தில் குமிழி கிடையாது. அப்போது பார்ப்பது பயிரின் நிறத்தை. மண்ணுக்குள் வாயு புகுந்தால் வேருக்குக் காற்றில்லாமல், பச்சைக்கு நடுவே ஒரு வட்டம் மட்டும் பழுத்துப் போகும். கேட்பது, 'உஸ்' என்ற சத்தத்தை. சாரைப் பாம்பா குழாயா என்று ஆரம்பத்தில் குழம்பியிருக்கிறாராம்.

"வாசனை வராதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எல்லோரும் கேட்கும் கேள்வி போலிருக்கிறது.

வராது. ஊரில் யாரைக் கேட்டாலும் கசிந்தால் சிலிண்டர் நாற்றம் வருமே, ஓடிவிடலாமே என்கிறார்கள். அந்த நாற்றம் வாயுவுடையது அல்ல. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. அப்படிக் கலப்பது கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அடியில் மணமற்ற வாயு கசிந்து சேர்ந்திருந்தது. ஒரு தீப்பொறியில் கட்டடம் தரைமட்டமானது. இறந்த பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக முந்நூறு பேர் அளவில். அதன் பிறகுதான் அந்த மாநிலம் சட்டம் போட்டது. ஆனால், மணமூட்டுவது வீடுகளுக்குப் போகும் வாயுவுக்குத்தான். நகர எல்லையில் உள்ள நிலையத்தில் அதைக் கலக்கிறார்கள். வயல் நடுவே ஓடும் இந்த நெடுந்தூரக் குழாயில் மணம் கிடையாது. இது டெல்டாக்காரர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? வழியில் பார்த்த ஒன்பது பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நாத்தமும் வராது, கண்ணுக்கும் தெரியாது. பேய் மாதிரின்னு சொல்லு தம்பி" என்றார். அவர் மகனுடைய நிலம் முக்கால் மா இந்தப் பாதையில் மாட்டியிருக்கிறது. தென்னை வைக்க விடவில்லை என்பது அவர் குறை.

1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய் போகும் நிலத்தை அரசு வாங்குவதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். நெல் போடலாம், உளுந்து தெளிக்கலாம். வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இதற்கு ஈடாகச் சட்டம் சொல்வது, அறிவிப்பு வந்த நாளின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். பயிர் சேதத்துக்குத் தனியாக. நிலத்தை மகள் கல்யாணத்துக்கு விற்கப் போகும்போதுதான் இந்தப் பத்து சதவீதத்தின் கணக்கு விவசாயிக்குப் புரிகிறது. கொங்கு நாட்டின் ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் குழாய்க்கு எழுந்த எதிர்ப்பின் அடியில் இருந்தது இந்தக் கணக்குதான். விளைநிலத்தை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகப் பதியுங்கள் என்று மாநில அரசு கேட்டது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த விவசாயிகளின் கோபம் அறியாமையால் வந்தது என்று சொல்லும் அதிகாரிகளோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால், தென்னை கூடாது என்பதில் காரணம் இருக்கிறது. லைன் வாக்கர் அதைக் கஜா புயல் கதையாகச் சொன்னார். 2018 நவம்பரில் இந்தப் பக்கத்துக்குத் தெற்கே தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரம் ஒவ்வொன்றும் ஒரு வண்டி மண்ணைக் கட்டிப் பிடித்துத் தூக்கியிருந்தது. "அந்த வேருக்குள்ள நம்ம பைப்பு இருந்திருந்தா யோசிச்சுப் பாருங்க" என்றார். பாட்டியிடமும் இதையே சொன்னார். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இத அப்பவே ஒருத்தன் சொல்லியிருந்தா நான் ஏன் சண்டை போடுறேன்" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

எட்டரை மணிக்குச் சாலை ஓரம் வந்தோம். வயல் முடிந்து, கொடிகள் ஆரம்பித்தன. பச்சையும் மஞ்சளுமாகக் கொடி, நடுவில் வரவேற்பு வளைவு, செம்மண் அடித்த உள்சாலை, வெள்ளைக் கல் நட்ட மனைகள். லைன் வாக்கரின் முகம் மாறியது. குமிழியைப் பார்த்தபோது இல்லாத கவலை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குழாயின் எஃகு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பதை அழுத்தம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பக்கத்தில் எத்தனை வீடு இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. குழாயின் இருபுறமும் 200 மீட்டர், நீளவாக்கில் 1.6 கிலோமீட்டர் எடுத்துக்கொண்டு, அந்தப் பட்டைக்குள் மனிதர் வசிக்கும் கட்டடங்களை எண்ணுகிறார்கள். பத்து அல்லது அதற்குக் கீழே என்றால் முதல் வகுப்பு. எஃகு நெகிழத் தொடங்கும் அளவில் 72 சதவீதம் வரை அதன்மேல் பாரம் ஏற்றலாம். 46-ஐத் தொட்டாலே மூன்றாம் வகுப்பு, 50 சதவீதம்தான். மாடிக் கட்டடங்கள் நெருங்கிய நகரம் என்றால் 40. அதாவது, வீடு கூடக் கூடக் குழாய் தடிக்க வேண்டும், அல்லது அழுத்தம் குறைய வேண்டும். வயலை நம்பி முதல் வகுப்பாகப் பதித்த குழாய்க்குப் பக்கத்தில் மனை போட்டு, அறுபது வீடு எழும்பிவிட்டால், குழாய் தான் இருந்த இடத்திலேயே பாதுகாப்புக் குறைந்ததாக ஆகிவிடுகிறது. குழாயில் எதுவும் மாறவில்லை, ஊர்தான் மாறியது.

மனை விற்கிறவர் மஞ்சள் கல்லை என்ன செய்திருந்தார் என்கிறீர்கள்? பிடுங்கவில்லை. அதைச் சுற்றிக் குரோட்டன் செடி நட்டு, 'பூங்கா' என்று பலகை வைத்திருந்தார். சட்டப்படி தப்பில்லை, அங்கே கட்டடம் வராது. ஆனால், மனை வாங்க வருகிறவர் கல்லைப் பார்க்க வழியில்லை.

பக்கத்திலேயே ஒரு ஜேசிபி வடிகால் வெட்டிக்கொண்டிருந்தது. கல்லிலிருந்து முப்பது அடிதான் இருக்கும். லைன் வாக்கர் கையை ஆட்டிக்கொண்டே ஓடினார். வண்டி நின்றது. டிரைவர் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். தோண்டுவதற்கு முன்பு விவரம் கேட்டுக்கொள்ள மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியே கொண்டுவந்திருக்கிறது என்று நான் சொன்னேன். "ஆப்பாண்ணே? ஓனரு எங்க கோடு போட்டாரோ அங்க வெட்டுறேன். மணிக்கு இவ்ளோன்னு வாடகை" என்றான். அவன் மேல் கோபப்படத் தோன்றவில்லை.

லைன் வாக்கர் அவனைத் திட்டவில்லை என்பதைக் கவனித்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நேத்து இந்தப் பக்கம் வெட்டுனியா? பக்கெட்டுல ஏதாவது இடிச்சுதா? இடிச்சிருந்தா சொல்லிரு. ஒண்ணும் பண்ண மாட்டோம்." அவன் இல்லையென்று தலையாட்டினான். அவர் அதை நம்பாமல் வெட்டிய இடம் முழுக்க நடந்து பார்த்தார். குழாய்க்கு மேலே எச்சரிக்கைக்காகப் புதைத்திருக்கும் பிளாஸ்டிக் நாடா எங்காவது கிழிந்து வெளியே வந்திருக்கிறதா என்று தேடினார். பிறகு போனில் அலுவலகத்துக்குச் சொன்னார்.

உடைத்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். இந்தத் துறையில் அவர்கள் அதைவிட அஞ்சுவது உடையாமல் கீறிவிட்டுப் போவதைத்தான். இதை எனக்குச் சொன்னவர் அரை மணி நேரத்தில் ஜீப்பில் வந்து சேர்ந்த பொறியாளர். விருதுநகர்ப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம். பெல்ஜியத்தில் கிலெங்கியன் என்ற ஊரில் ஒரு தொழிற்பேட்டை வேலை நடந்தபோது ஏதோ ஓர் இயந்திரம் குழாயின் மேல்புறத்தைக் கீறியிருக்கிறது. மண் மூடப்பட்டது. பின்னர் குழாயின் அழுத்தம் உயர்த்தப்பட்டபோது, 2004 ஜூலை 30 அன்று, அந்தக் கீறலில் எஃகு பிளந்தது. 24 பேர் இறந்தார்கள். கசிவு என்று தகவல் வந்து பார்க்கப்போன தீயணைப்பு வீரர்களும் அதில் உண்டு. "இடிச்சவங்க அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருந்தா, அழுத்தத்தைக் குறைச்சு, தோண்டிப் பார்த்து, ஒரு உறை போட்டு வெல்டு வெச்சிருப்பாங்க. ரெண்டு நாள் வேலை சார்" என்றார். "அதான் அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கோம், யாரையும் திட்டாதீங்கன்னு. திட்டுனா அடுத்த தடவை சொல்ல மாட்டாங்க."

அவர் ஜீப்பிலிருந்து இறக்கியது ஒரு மீட்டரும், ஒரு ஜாடி போன்ற குழலும். குழலுக்குள் நீலத் தண்ணீர். எங்கோ பார்த்த நீலம். "மயில்துத்தம்தான் சார். உங்க விவசாயிங்க சுண்ணாம்போட கலந்து அடிக்கிறாங்களே, அதே." செம்புக் கம்பியை மயில்துத்தக் கரைசலில் நிறுத்திய அந்தக் குழலை ஈர மண்ணில் ஊன்றினார். கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் சோதனைத் தூணின் மூடியைத் திறந்து, குழாயோடு இணைத்த கம்பியில் மீட்டரைத் தொட்டார். மைனஸ் 1.04 வோல்ட். நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரும்பு துருப்பிடிப்பது என்றால், அது தன் எலக்ட்ரானை விட்டுவிட்டு மண்ணில் கரைவது. வெளியிலிருந்து எலக்ட்ரானை ஊட்டிக்கொண்டே இருந்தால் குழாய் கரையாது. அதற்குப் பதில், தள்ளிப் புதைத்திருக்கும் ஆனோடு (நேர்மின்முனை) தேயும். குழாயின் மேல் மூன்று அடுக்குப் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. ஆனால் பூச்சு எங்காவது ஊசிமுனை அளவுக்கு விட்டுப்போயிருக்கும், அங்கே இந்த மின்சாரம் காவல் நிற்கும். மீட்டரில் 0.85-க்குக் கீழே காட்டினால் காவல் போதவில்லை. 1.2-ஐத் தாண்டினால் அதிகக் காவலே பூச்சை உரித்துவிடும். டெல்டாவின் களிமண், அதுவும் கடல் பக்கம் உப்பேறிய களிமண், இரும்புக்குப் பரம எதிரி. ஆனால் ஈர மண்ணில் மின்சாரம் நன்றாகப் பாய்வதால் காவலும் சுலபம் என்றார். கெடுப்பதும் காப்பதும் ஒரே ஈரம்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் ஹம்ஃப்ரி டேவி. 1824-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்த செப்புத் தகடு கடல் நீரில் அரிக்காமலிருக்க, அதோடு இரும்புத் துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தினார். செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரைந்து நஞ்சு பரவாததால் சிப்பியும் பாசியும் சந்தோஷமாகக் கப்பலில் ஒட்டி வளர, கப்பல் வேகம் குறைந்து, கடற்படை அதைக் கைவிட்டது. நூறு வருடம் கழித்து எண்ணெய், எரிவாயுக் குழாய்க்காரர்கள்தான் டேவியைத் தேடி எடுத்தார்கள். மண்ணுக்கடியில் சிப்பி கிடையாதே.

அடுத்து வால்வு நிலையம். கம்பி வேலிக்குள் ஜல்லி பரப்பிய சிறிய முற்றம், நடுவே தரையிலிருந்து எழும்பி மறுபடி தரைக்குள் போகும் ஒரு வால்வு, உயரமான ஒரு வெளியேற்றுக் குழல், கம்பத்தில் காற்றுப்பை. வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காவலாளி என்னிடம் முதலில் காட்டியது காற்றுப்பையைத்தான்: அது பறக்கும் திசைக்கு எதிராக ஓட வேண்டும்.

வால்வின் தலையில் இரண்டு உருளைகள். குழாயில் அழுத்தம் திடீரென்று வேகமாகச் சரிந்தால், குழாயின் வாயுவே எண்ணெயைத் தள்ளி வால்வை மூடிவிடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். அரை நிமிடம் ஆகாது என்றார் பொறியாளர். இதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. அதற்குக் காரணமாக அவர் சொன்னது சான் புரூனோ. கலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து ஊர். 2010 செப்டம்பர் 9, மாலை ஆறு மணி கடந்த நேரம். வீடுகளுக்கு நடுவே 30 அங்குலக் குழாய் வெடித்தது. எட்டுப் பேர் பலி, 38 வீடுகள் சாம்பல். வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனது. ஆட்கள் வண்டியில் போய்க் கையால் வால்வை மூட வேண்டியிருந்தது. விசாரணையில் வெளிவந்ததுதான் இன்னும் மோசம். 1956-இல் பதித்த அந்தத் துண்டு நீளவாட்டில் தையலே இல்லாத குழாய் என்று ஏட்டில் எழுதியிருந்தார்கள். தோண்டிப் பார்த்தால் துண்டு துண்டாகச் சேர்த்து, அரைகுறையாக வெல்டு வைத்த குழாய். வெடித்தபோது இருந்த அழுத்தமோ அனுமதித்த அளவுக்கும் கீழே.

"எங்க வேலையில பாதி இரும்பு சார், பாதி நோட்டு" என்றார் அவர். கையிலிருந்த நோட்டில் 1.04 எழுதியிருந்த பக்கத்தை என்னை அறியாமல் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு முனையத்துக்குப் போனோம். அன்று அங்கே 'பிக்' வருகிற நாள். பிக் என்றால் பன்றி. குழாய்க்குள் வாயுவே தள்ளிக்கொண்டு வரும், ரப்பர் வட்டுகள் கோத்த உருளை. போகும்போது அது எழுப்பும் கீச்சென்ற சத்தத்தால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒளிவுமறைவில்லாமல் "பன்னி எங்க வருது?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். மனிதன் நடக்கும் வேகத்தில், முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பியிருந்தது. வந்து சேர்ந்தபோது தரையில் ஒரு அதிர்வு. மணியோசை கேட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அழுத்தத்தை முழுவதும் இறக்கி, முள் பூஜ்யத்தில் நிற்பதை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தார்கள். பித்தளைச் சுத்தியல், இரும்பு இரும்பில் பட்டால் பொறி வரும். திறந்ததும் முதல் வேலை தண்ணீர் பீய்ச்சுவது. பிக் தள்ளிக்கொண்டு வரும் கருப்புத் தூளில் இரும்பு சல்ஃபைடு இருக்கும்; உலர்ந்து காற்றுப் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும்.

வந்தது இரண்டு முறம் அளவு கருப்புச் சேறும், அரை வாளி கலங்கல் தண்ணீரும். இந்த அரை வாளிக்காகத்தான் இவ்வளவு பாடு. வாயுவில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு உண்டு. அது தண்ணீரில் கரைந்தால் கோலி சோடாவில் இருக்கும் அதே அமிலம்தான். சோடா நாக்கில் சுருக்கென்று போய்விடும். குழாயின் தாழ்ந்த இடத்தில் மாதக்கணக்கில் தேங்கிய சோடா, எஃகை உள்ளிருந்து தின்னும். வெளியே மயில்துத்த மீட்டர் எவ்வளவு நல்ல கணக்குக் காட்டினாலும் உள்ளே நடப்பது அதற்குத் தெரியாது.

ஆந்திராவில், அப்போது கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த நகரம் என்ற கிராமத்தில் நடந்தது இதுதான். 2014 ஜூன் 27, விடியற்காலை. 18 அங்குலக் குழாயிலிருந்து வாயு கசிந்து, ஊர் முழுக்கப் பரவி, பிறகு பற்றிக்கொண்டது. தூக்கத்திலிருந்தவர்களும் அடுப்பு மூட்ட எழுந்தவர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கோனசீமா என்ற அந்த வட்டாரத்தின் தென்னைகள் கரிக்கட்டைகளாக நின்ற படங்கள் அன்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. உலர் வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரம் கலந்த வாயு போய்க்கொண்டிருந்தது, உள்ளரிப்பு ஏற்பட்டது என்று பின்னர் தெரிந்தது. நம் டெல்டாவும் அதே மாதிரி ஆற்று வண்டல் நிலம், அதே மாதிரி நிலத்தடி வாயு, அதே மாதிரி தென்னைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடும் குழாய். பொறியாளர் அந்தச் சம்பவத்தைப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சி வகுப்பில் முதல் நாள் காட்டிய படம் அதுவாம்.

கட்டுப்பாட்டு அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ந்த அறை, எட்டுத் திரை, இரண்டு பேர். எந்த வால்வு எப்படி இருக்கிறது, எவ்வளவு வாயு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வந்ததற்கும் போனதற்கும் கணக்கு உதைத்தால் மணி அடிக்கும். "சின்னக் கசிவு இதுல தெரியுமா?" என்று கேட்டேன். பெரிய கசிவு உடனே தெரியும், சிறியது தெரியாமலும் போகலாம், அதற்குத்தான் அண்ணன் நடக்கிறார் என்றார் அங்கிருந்தவர். ஒளிக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

திரும்பும் வழியில் ஊர் டீக்கடையில் நின்றோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஜீப்பைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரம்தான் கதிராமங்கலம். 2017 ஜூன் 30 அன்று அங்கே எண்ணெய்க் குழாய் கசிந்து, ஊர் திரண்டு, போலீஸ் தடியடி நடத்தி, பலரைக் கைது செய்தது. அதிலிருந்து குழாய்க்காரர்களின் ஜீப் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு விறைப்பு. பொறியாளர் வண்டியை விட்டு இறங்கவில்லை. லைன் வாக்கர் இறங்கினார். அவருக்குப் பெஞ்சில் இடம் விட்டார்கள். அவர் உள்ளூர்க்காரர்.

அங்கே நான் பார்த்தது எனக்கு அன்று முழுக்கப் பார்த்ததைவிட முக்கியமாகப் பட்டது. ஜீப்புக்குள் இருந்தவருக்கு இந்த மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது என்று வோல்ட் கணக்கில் தெரியும். பெஞ்சில் இருந்தவர்களுக்கு, வாசனை வரும் என்ற தப்பான நம்பிக்கையைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம். அதைக் கடக்க நிறுவனம் வைத்திருப்பது மாதம் சில ஆயிரம் ரூபாய் ஒப்பந்தக் கூலி வாங்கும் ஒரே ஒரு மனிதரை. கோடிகளில் குழாய் பதிக்கிறவர்களால் கல்லுக்குப் பெயிண்ட் அடிக்க முடியவில்லை என்பதை நான் நிதிப் பற்றாக்குறையாக நினைக்கவில்லை, அலட்சியம். அன்று நான் எண்ணிய மஞ்சள் கற்கள் 31. தொலைபேசி எண்ணை முழுதாகப் படிக்க முடிந்தவை 12.

உங்கள் வயலிலோ மனையிலோ அப்படி ஒரு கல் இருந்தால், இன்றே போய்ப் பாருங்கள். எண் தெரிந்தால் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். சிலிண்டர் கசிவுக்கான 1906 என்ற எண் இந்தக் குழாய்க்கு உதவாது. குமிழி நிற்காமல் வந்தாலோ, பச்சைக்கு நடுவே பயிர் வட்டமாகப் பழுத்தாலோ, வாசனைக்குக் காத்திருக்க வேண்டாம்; வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக நடந்து வெகுதூரம் போய், அங்கிருந்து கூப்பிடுங்கள். ஜேசிபி வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பக்கெட் எதிலாவது இடித்திருந்தால், மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள். சொல்லிவிடுங்கள்.